பெயர் நாடா

கோட்டு அறைக்குள் ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளை விடுவதில்லை. வெளியே எவ்வளவு நீளத்துக்கு வரிசை நின்றாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. ஒரு பிள்ளை உள்ளே போகும், கதவு சாத்தப்படும், அளவு பார்த்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வரும், அப்புறம்தான் அடுத்தது. டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கும் அதே கதவுதான், போன வாரம் வேறு நாட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கிய வீட்டுப் பெண்ணுக்கும் அதே கதவுதான். உள்ளே கம்பியில் தொங்கும் கருநீலக் கோட்டுகளில் பாதி கடையிலிருந்து வந்தவை. மீதி, படிப்பு முடித்துப் போன பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போனவை. எது புதுசு, எது பழசு என்று தெரிந்த ஒரே ஆள் தையல்காரம்மா.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடம் அது. முப்பது பாஷை பேசுகிற பிள்ளைகள் படித்தார்கள். காலையில் கோயிலில் ஜெபம் நடக்கும்போது மற்ற மதத்துப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து தங்கள் தங்கள் சாமியை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாம். தையல்காரம்மாவும் அப்படித்தான் கடைசி பெஞ்சில் பதினோரு வருஷமாக உட்கார்ந்து வந்தாள். வாசலில் பெரிய எழுத்தில் ‘இங்கே யாரும் விருந்தாளி இல்லை’ என்று எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழேயே ‘விருந்தினர் இங்கே கையெழுத்திடவும்’ என்று ஒரு பலகை. மாட்டியவருக்கு அது உறைக்கவில்லை, கழற்ற வேண்டும் என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் கோட்டு விஷயத்தில் பள்ளிக்கூடம் சொன்ன சொல் தவறாமல் நடந்தது. வருஷக் கடைசியில் பழைய கோட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொன்றிலும் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் பிள்ளையின் பெயர் நெய்த வெள்ளை நாடா தைத்திருக்கும். தையல்காரம்மா பிரிக்கிற ஊசியால் ஒவ்வொரு தையலாக அறுத்து நாடாவை எடுப்பாள். துளை தெரியாமலிருக்க ஆவி இஸ்திரி காட்டி நகத்தால் நீவிவிடுவாள். மழையில் நன்றாக நனைந்தால்தான் அந்தத் துளைகள் மறுபடி கண் திறக்கும். பொத்தான்கள் அத்தனையையும் மாற்றுவாள், ஏனென்றால் விளிம்பு உடைந்த பொத்தானைப் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். துவைத்துத் தேய்த்து, கடைக் கோட்டுக்குப் போடுகிற அதே பிளாஸ்டிக் உறையைப் போட்டு, புதுசோடு கலந்து தொங்கவிடுவாள். காதும் காதும் வைத்த மாதிரி நடக்கிற வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு கோட்டுகூட மாட்டிக்கொண்டதில்லை.

பிரித்த நாடாக்களை அவள் எறிந்ததும் இல்லை. ஒரு பிள்ளையின் பெயரைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. பிஸ்கட் வந்த தகர டப்பா ஒன்று வீட்டில் இருந்தது, அதில் போட்டு வைத்தாள். வீட்டில் ஏன் என்றால், மெஷின் வேலையைப் பள்ளிக்கூடத்தில் முடித்துவிட்டு, பிரிக்கிற கைவேலையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவாள். வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்று யாரும் சொல்லவில்லை. கொண்டுபோ என்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சாயங்காலம் மகள் பாடம் முடித்ததும் எதிரே வந்து உட்கார்ந்து தானும் ஒரு கோட்டை மடியில் போட்டுப் பிரிப்பாள். அதே பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு. கெட்டிக்காரி, புதுசாக வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிற ‘வரவேற்பு மாணவி’ என்று மார்பில் பித்தளைப் பேட்ஜ் வேறு. அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே பிரிப்பார்கள். தாய் பெற்ற சந்தோஷங்களில் அது ஒன்று. அதில்தான் வினை வந்து உட்கார்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்துச் சமையலக்கா கையில் கரண்டியோடு கோட்டு அறைக்கு ஓடி வந்தாள்.

“உன் ரூம்ல என்னடி பண்ணி வச்சிருக்கே?”

“ஏங்கா? என்ன ஆச்சு?”

“அந்த நெட்டைப் பொண்ணு இல்ல, புதுசா வந்துச்சே, நிலையில தலை இடிக்கிற உசரத்துல? சூப்புக்கு வரிசையில நின்னுட்டிருந்துச்சு. பந்து டீம் கேப்டன் இருக்காளே, அவ பின்னாலேருந்து வந்து கோட்டுக் கையை ரெண்டு விரலால புடிச்சு, ‘இது எங்கக்கா கோட்டு, பத்திரமா வச்சுக்கோ’ன்னா. கத்தக்கூட இல்ல, சாதாரணமாத்தான் சொன்னா. வரிசை பூரா கப்சிப்.”

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?”

“என்ன சொல்லும்? தட்டை வச்சுது. கோட்டைக் கழட்டி, மடிச்சு, கையில எடுத்துக்கிட்டு மழையில நடந்து போயிடுச்சு. கேட்டுக்காரர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கல. ஒரு வாய்கூடச் சாப்பிடல அது.”

தையல்காரம்மாவுக்கு அந்தக் கோட்டு நன்றாக நினைவிருந்தது. நெட்டைப் பெண்ணின் உயரத்துக்குக் கம்பியில் ஒன்றுமே சேரவில்லை. கேப்டனின் அக்காவும் அதே மாதிரி வளர்ந்தவள். அவளுடைய கோட்டைத் தேடி எடுத்து, கையின் மடிப்பை இன்னும் இரண்டு விரல் பிரித்து இறக்கி, உள்துணி ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தபோது அந்தப் பெண் கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டு மூடியிருப்பதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நெட்டைப் பெண் வரவில்லை. அன்று பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கிற பெரிய சிஸ்டர் தையல்காரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். முழங்கால் வலிக்காரர், காலை ஒரு முக்காலிமேல் நீட்டி வைத்திருந்தார்.

“கழுத்துல எங்கக்கா பேரைப் பாத்தேன்னு கேப்டன் சொல்றா. நாடாவை எடுக்காம விட்டுட்டியா?”

“விட மாட்டேனே சிஸ்டர்.”

“பின்ன எப்படி?”

தையல்காரம்மா கைகளைப் பார்த்தாள். “கண்ணு முன்ன மாதிரி இல்ல சிஸ்டர். விட்டிருப்பேனோ என்னவோ. என் தப்புதான்.”

“வயித்து வலின்னு அவங்கப்பா போன்ல சொல்றாரு. வீட்டுல எதுவும் தெரியாது போலிருக்கு. அடுத்த வெள்ளிக்குள்ள அவ வரலைன்னா பரீட்சைக்கு அவ பேரைக் கொடுக்க முடியாது. ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் அவ எங்க வரப் போறா, எங்கயாவது வேலைக்குப் போயிடுவா.” சிஸ்டர் கையை நீட்டினார். “சாவியைக் கொடு. அறை பூட்டியிருக்கட்டும்.”

பதினோரு வருஷம் இடுப்பில் இருந்த சாவி. கொடுத்துவிட்டு வீடு வந்தவள், ஈரக் குடையைக்கூட விரித்துக் காயவைக்காமல் தகர டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். விட்டதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. நூற்றுக்கணக்கான நாடாக்கள், சோறு கொட்டின மாதிரி வெள்ளையாகக் குவிந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் கிடைத்தது. கேப்டனின் அக்கா பெயர், குடும்பப் பெயரோடு, நீல நூலில்.

விடவில்லை. எடுத்திருக்கிறாள். முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். பெருமூச்சுகூட விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்தது உறைத்தது. கோட்டில் இல்லாத பெயரைக் கேப்டன் படித்திருக்க முடியாது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நாடா பிரிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

மகள் ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்ததும் நின்றாள்.

“இங்க வா. இது என்ன?”

“நாடா.”

“யாரோடது?”

மகள் படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்தது.

“கழுத்துல பேரைப் பாத்தேன்னு கேப்டன் சொல்றாளாம். பேரு இங்க என் டப்பாவுல இருக்கு. எப்படிப் பாத்தா அவ?”

“அம்மா…”

“எப்படிப் பாத்தான்னு கேக்கறேன்.”

“ஒண்ணே ஒண்ணுதான்மா சொன்னேன்.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள் மகள். “அவங்க டேபிளுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நாலு வருஷத்துல முதல் தடவை. எல்லாரும் லீவுக்கு எங்க போனோம், என்ன பாத்தோம்னு பேசிக்கிறாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. அப்ப நெட்டை அந்தப் பக்கமாப் போனா. ‘உங்கக்கா கோட்டு தனியா நடந்து போகுது பாரு’ன்னு… வாய் தவறி வந்துடுச்சு. சிரிப்பாங்கன்னு நெனச்சேன்.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“உனக்கு நல்லா இருந்துச்சா?”

“அப்ப நல்லா இருந்துச்சு” என்றாள் மகள்.

தையல்காரம்மாவின் கை தானாக நாடாக் குவியலுக்குள் போனது. அதில் இன்னொரு நாடா இருந்தது, தேடும்போதே கண்ணில் பட்டு ஓரமாக ஒதுக்கி வைத்தது. நாலு வருஷம் முன்னால், மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, ஒரு பழைய கோட்டிலிருந்து பிரித்தது. அந்தக் கோட்டில்தான் மகளின் பெயரைத் தைத்தாள். இன்றுவரை மகள் போட்டுக்கொண்டு திரிவது அதைத்தான். புதுசு என்று அவள் சொல்லவில்லை. உறையோடு கொடுத்தாள், மகள் புதுசு என்று நினைத்துக்கொண்டாள். வளர வளரக் கையை இறக்கிக்கொண்டே வந்ததால் மாற்ற வேண்டி வரவில்லை.

அந்த நாடாவை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினால் போதும். மகள் அந்த இடத்திலேயே சுருண்டுபோவாள். சுருள வைக்கத்தான் தாய்க்கு அப்போது ஆசை. இரண்டு விரல் அதைப் பிடித்தும் விட்டது. பிடித்த பிறகுதான், கேப்டன் கோட்டுக் கையைப் பிடித்ததும் இரண்டு விரலால் என்று சமையலக்கா சொன்னது ஞாபகம் வந்தது. விரலை எடுத்தாள். எல்லா நாடாக்களையும் வாரி டப்பாவில் போட்டு மூடினாள்.

உள்ளே படுத்திருந்த புருஷன் சத்தம் கேட்டு எழுந்து வந்தான். ரொட்டி பேக்டரியில் காலை ஷிப்ட்காரன், சாயங்காலமே தூங்கிவிடுவான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேக்டரியில் நசுங்கிப்போனது என்று கொடுத்தனுப்பிய ரொட்டியை எடுத்துப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

“அந்த ஒரு நாடாவை அடுப்புல போடு. முடிஞ்சுது.”

“என்னங்க பேசறீங்க?”

“நான் விட்டுட்டேன்னு நீயே சொல்லிட்டே, சிஸ்டரும் நம்பிட்டாங்க. கண்ணு சரியில்லன்னு கண்ணாடி வாங்கிக் கொடுப்பாங்க, சாவியும் பத்து நாள்ல திரும்பி வந்துடும். இப்பப் போய் எங்க வீட்டுலேருந்துதான் வெளிய போச்சுன்னு சொன்னா உன்னை வச்சுப்பாங்களா? இவ பேட்ஜைப் புடுங்க மாட்டாங்க?”

“அந்தப் பொண்ணு?”

“அந்தப் பொண்ணுக்கு நாடாவால தெரிஞ்சா என்ன, வாயால தெரிஞ்சா என்ன? அவமானம் ஒண்ணுதானே.”

“ஒண்ணு இல்லீங்க.” தையல்காரம்மா ரொட்டித் துணுக்குகளை மேஜையிலிருந்து கையில் கூட்டினாள். “நாடான்னா யாரோ மறந்துட்டாங்கன்னு ஆகும். வாயின்னா, அந்த ரூமே பேசுதுன்னு ஆகும். நாளைக்கு எந்தப் புள்ள உள்ள வந்து கையை நீட்டும்?”

புருஷன் மென்றதை விழுங்கிவிட்டு மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உப்பு எங்கே, சோப்பு எங்கே என்பதைத் தவிரப் பேச்சில்லை. மழையும் விடவில்லை. துவைத்த துணி காயாமல் அறை முழுக்க ஈரவாடை. பிரிக்கக் கோட்டு இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், தையல்காரம்மா திரைச்சீலையின் நல்ல தையலையே பிரித்து மறுபடி தைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் தாயும் மகளுமாகப் பெரிய சிஸ்டர் முன்னால் நின்றார்கள். தையல்காரம்மா நாடாவை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கைவேலையை வீட்டுக்குக் கொண்டுபோனதை முதலில் சொன்னாள். மகள் தன் பங்கைத் தானே முழுசாகச் சொன்னாள்.

சிஸ்டர் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

“நீ மறந்து விட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்” என்றார்.

மகள் மார்பிலிருந்து பேட்ஜைக் கழற்றப் போனாள்.

“அதைத் தொடாதே. நீ கழட்டி வச்சா என் வேலை ஒண்ணும் குறையப் போறதில்ல. சாயங்காலம் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போ. பேட்ஜைப் போட்டுக்கிட்டே போ. கூசட்டும்.” பிறகு தாயிடம் திரும்பினார். “கேப்டனை நான் பாத்துக்கறேன். உனக்கு ஒண்ணுதான். அந்தப் பொண்ணு திரும்பி வந்தா, அப்ப வந்து சாவி கேளு. வரலைன்னா கேக்காதே.”

“சரி சிஸ்டர்.”

“அந்த டப்பாவையும் கொண்டாந்து இங்க வச்சுடு. பேரையெல்லாம் வீட்டுல வச்சிருக்கியே, பைத்தியக்காரி.” கடைசி வார்த்தையில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நெட்டைப் பெண்ணின் வீடு ஒரு டயர் கடைக்கு மேலே. படி முழுக்க ரப்பர் வாடை. கதவைத் திறந்தவள் நெட்டைப் பெண்தான். தாயையும் மகளையும் பார்த்ததும் கதவை மறுபடி சாத்துவதா வேண்டாமா என்று கை யோசித்தது. அதற்குள் அவள் அம்மா பின்னால் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள், விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. பேட்ஜையும் பள்ளிக் கோட்டையும் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய பாஷை இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் பாஷை எதுவும் அவளுக்குத் தெரியாது. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கோட்டு தொங்கியது. தையல்காரம்மா அதைப் பார்ப்பதைக் கண்டதும் அந்த அம்மாள் எழுந்துபோய், உறையை விலக்கி, கழுத்தைத் திருப்பிப் பெருமையாகக் காட்டினாள். நாடா இருந்த அதே இடத்தில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு. அதில் தன் மகளின் பெயரைச் சிவப்பு நூலால் கையாலேயே பூத்தையல் போட்டுத் தைத்திருந்தாள். இந்தப் பள்ளிக்கூடம் தன் மகளுக்குப் புதுக் கோட்டு கொடுத்தது என்று நம்பிக்கொண்டிருக்கிற தாயின் தையல். மழையில் நனைந்ததால், துணித் துண்டின் இரு ஓரத்திலும் பழைய ஊசித் துளைகள் கண் திறந்திருந்தன. அந்த அம்மாளுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது.

“நல்ல தையல்” என்றாள் தையல்காரம்மா. நெட்டைப் பெண் அதை மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள்.

தையல்காரம்மாவின் மகள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்துப் பொது பாஷையில், அழுதுகொண்டே பேசினாள்.

“கோட்டுல பேரு இல்ல. நான்தான் அவங்ககிட்டச் சொன்னேன். சிரிக்க வைக்கறதுக்காகச் சொன்னேன். உன்னைப் பிடிக்காம சொல்லல. அவங்க என்னைச் சேத்துக்கணும்னு சொன்னேன். மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட எனக்கு…”

அந்த அம்மாள் சிரிப்பு மாறி, தன் மகளிடம் ஏதோ கேட்டாள். என்ன சொல்கிறாள், ஏன் அழுகிறாள் என்றுதான் கேட்டிருப்பாள். நெட்டைப் பெண் ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேட்ஜைச் சுட்டிக் காட்டி, தன் பாஷையில் நீளமாக என்னவோ சொன்னாள். அந்த அம்மாளின் முகம் இளகிப்போயிற்று. அழுதவளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

“என்ன சொன்னே?” என்று கேட்டாள் மகள்.

“எனக்கு வயித்து வலின்னு கேள்விப்பட்டு நீ அழறேன்னு சொன்னேன். புதுசா வந்தவங்களைப் பாத்துக்கறதுதான் உன் வேலைன்னு சொன்னேன். பேட்ஜு இருக்கில்ல.” நெட்டைப் பெண்ணின் குரலில் கேலி இல்லை. “எங்கம்மா ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் அந்தக் கோட்டைப் பத்திப் பேசுவாங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.”

“நாளைக்கு வருவியா?”

“வந்தா அதே வரிசையில நிக்கணும்.”

“உன் பின்னால நான் நிக்கறேன்.”

“பின்னால எதுக்கு? கேப்டனும் பின்னாலேருந்துதான் வந்தா.” யோசித்தாள். “முன்னால நில்லு. முதல்ல எல்லாரும் உன்னைப் பாக்கட்டும்.”

மகள் தலையாட்டினாள். நெட்டைப் பெண் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தார்கள், சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தது, விருந்தாளிகளுக்குப் போடுகிற மாதிரி.

திரும்பும்போது மழை தூறலாக இறங்கியிருந்தது. இரண்டு தெரு நடந்தார்கள். மூடியிருந்த ஒரு கடையின் கூரைக்கடியில் மகள் திடீரென்று நின்றாள். கோட்டைக் கழற்றினாள். கழுத்துப் பட்டையைத் திருப்பி, தன் பெயர் நாடாவைத் தெருவிளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். நாடாவின் இரு ஓரத்திலும் திறந்திருந்த பழைய ஊசித் துளைகளை விரலால் தடவினாள். நாலு வருஷமாக எத்தனையோ கோட்டுகளைப் பிரித்த விரல் அது.

“அம்மா.”

“ம்.”

“என்னோடதும் பழைய மூட்டையிலேருந்து வந்ததுதானா?”

தையல்காரம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம்.

“அந்த ரூம்ல யாருக்கும் அதைச் சொல்றதில்ல” என்றாள்.

மகள் அந்தத் துளைகளின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்து வரைக்கும் பொத்தான்களைப் போட்டாள். கடைசிப் பொத்தான் துளைக்குள் போகவில்லை. தாய் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அதை மட்டும் தானே போட்டுவிட்டாள்.